நீர் இறைத்த எஞ்சின்

தண்ணீர் இறைக்கும் நீராவி எஞ்சினை நிலக்கரிதான் வளர்த்தெடுத்தது. 1712இல் இங்கிலாந்தின் டட்லி பக்கம் ஒரு சுரங்கத்தில் தாமஸ் நியூகோமன் அதை நிறுத்தினார். ஊறும் நீரை அது இழுத்துக்கொட்ட, ஆட்களை இன்னும் ஆழத்துக்கு இறக்க முடிந்தது. அந்த ஆழம்தான் வினை.

1862 ஜனவரி 16. நியூகாசலுக்கு வடக்கே நியூ ஹார்ட்லி சுரங்கம். ஷிப்ட் மாறும் நேரம். நீர் இறைக்கும் எஞ்சினின் வார்ப்பிரும்பு உத்தரம், 40 டன்னுக்கு மேல் எடை, நடுவில் முறிந்தது. அதில் பாதி இறங்குகுழிக்குள் விழுந்து, மரத் தடுப்புகளையும் பெயர்த்துக்கொண்டு போய் வழியை அடைத்தது. ஏறி இறங்க இருந்ததே அந்த ஒரு குழிதான். மீட்கப் போனவர்கள் ஆறாம் நாள் உள்ளே எட்டிப் பார்த்தபோது விஷவாயு உள்ளே சிக்கியிருந்த எல்லாரையும் கொன்றிருந்தது. மகன்கள் தகப்பன் தோளில் சாய்ந்தபடி கிடந்தார்கள். அந்த விபத்தில் மொத்தம் மாண்டது 204 பேர், பத்து வயதுப் பையன்களும் அதில் உண்டு. இனி ஒவ்வொரு நிலக்கரிச் சுரங்கத்துக்கும் இரண்டு வழி வேண்டும் என்று அந்த ஆண்டே சட்டம் வந்தது. இவ்வளவு பேர் சாகாமலே அதைச் செய்திருக்கலாம்.

அதே காலத்தில் மலாயாவின் பேராக்கிலும் சுரங்க நீரோடு போராட்டம்தான். இன்றைய தைப்பிங் அப்போது லாருட் வட்டாரத்தில் கிலியான் பாவ். அங்கே ஈயலம்பங்களில், அதாவது ஈயச் சுரங்கங்களில், சீனத் தொழிலாளர்கள் பலகை கோத்த சங்கிலியை நீர்ச்சக்கரத்தால் சுற்றித் தண்ணீர் இறைத்தார்கள். சக்கரத்துக்கு ஓடை நீர் வேண்டும். 1861இல் ஒரு வாய்க்கால் தகராறில்தான் ஹாய் சான், கீ ஹின் என்ற சீன இரகசியச் சங்கத்தார் மோதிக்கொண்டார்கள். 1874இன் பங்கோர் உடன்படிக்கை வரை லாருட் விட்டு விட்டு எரிந்தது.

ஹியூ லோ பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த 1877இல், நீராவியில் ஓடும் சுழல் பம்பு தைப்பிங்கில் இறங்கியது. ஹார்ட்லியின் எஞ்சினுக்கு இது பேரப்பிள்ளை முறை: உத்தரம் கிடையாது, உருவமும் சிறிது. கொதிகலனுக்குப் போட்டது காட்டு விறகு. ஈயம் உருக்கும் உலைக்கும் மரக்கரிதான். ஓடையை நம்பியிருந்த லம்பம் இப்போது காட்டைத் தின்னத் தொடங்கியது.

லம்பம் திறந்த குழி. நிலக்கரிச் சுரங்கம்போல வாயு வெடித்து ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர் சாகவில்லை. மண்சரிவிலும் மலேரியாவிலும் பெரிபெரியிலும் கூலிகள் ஒவ்வொருவராகப் போனார்கள். அதனால் அந்தச் சாவுகள் ஹார்ட்லிபோல உடனே யாரையும் சட்டம் போட வைக்கவில்லை. ஹார்ட்லியில் மாண்டவர்களின் பெயர்களை எர்ஸ்டன் தேவாலயத் தோட்டத்தில் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். லாருட் கூலிகளுக்கும் தைப்பிங் ஏரிக்கரையில் ஒரு கல் நட வேண்டும். அந்த ஏரிகளே அவர்கள் தோண்டிய குழிகள்தாம். இறைப்பது நின்றதும் தண்ணீர் ஏறியது, 1880 முதல் அந்த இடத்தைப் பூங்காவாக்கினார்கள்.

ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக 1885 ஜூன் 1இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே ரயில் ஓடியது. லாருட்டில் ஈயம் குறைய, முதலாளிகள் பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்குக்கு நகர்ந்தார்கள். பம்பும் கூடவே போனது. 1913இல் அங்குள்ள பத்து காஜாவுக்கு மிதந்தபடி ஈயம் தோண்டும் ஈயக்கப்பல் வந்த பிறகும் சின்ன லம்பங்களில் பம்புகள் ஓடின. 1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்த பிறகுதான் பெரும்பாலானவை நின்றன.