தலைப்பிலேயே இருந்த வெப்பநிலை

போன மே மாதம் ஒரு மதியம் நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் நண்பன் அழைத்தான். "மாப்ள, உன் கம்ப்யூட்டர் தொண்ணூத்தஞ்சுன்னு சொல்லுச்சு. மீட்டர் எண்பத்திரண்டத் தாண்ட மாட்டேங்குது. நான் எதைத்தான் நம்பறது?"

பண்ணைக் கழிவிலிருந்து அவன் எடுக்கும் பயோகேஸில் மீத்தேன் 60 சதவீதம். மீதி பெரும்பாலும் கரியமில வாயு. அது எரியாது, சிலிண்டரில் இடத்தை அடைக்கும். அதைப் பிரிக்கத் தண்ணீரே போதும். வாயுவை எட்டு மடங்கு அழுத்தத்தில் ஒரு உயரமான கோபுரத்தின் அடியில் விட்டு, மேலிருந்து தண்ணீரைப் பொழிய வேண்டும். கரியமில வாயு தண்ணீரில் கரைந்து கீழே இறங்கிவிடும், மீத்தேன் மேலே வந்துவிடும். இறங்கிய தண்ணீரை இன்னொரு கோபுரத்தில் காற்றூதி உலர்த்துவதுபோல வாயுவை விரட்டிவிட்டு மறுபடி மேலே ஏற்றலாம். எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவன் நான். பைத்தானில் இருநூறு வரி. அந்த எண்ணை நம்பித்தான் அவன் கடன் வாங்கி பம்ப் வாங்கினான்.

இரண்டு ராத்திரி நிரலைக் கிண்டினேன். தப்பு ஒரே வரியில் இருந்தது. கரியமில வாயுவின் கரைதிறன் மாறிலி: 0.034. ஒரு வளிமண்டல அழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் அத்தனை மோல் கரையும். பக்கத்தில் நானே எழுதிய குறிப்பு: "25 டிகிரியில்". அவனுடைய தண்ணீர் கொட்டகை மேல் கறுப்புத் தொட்டியில், வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. தெர்மாமீட்டர் விடச் சொன்னேன். 38.

இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் வில்லியம் ஹென்றியிடம் போய்ச் சேர்ந்தேன். பிளஸ் டூவில் சோடா பாட்டில் உதாரணத்தோடு படித்த அதே ஹென்றி விதிக்காரர். அப்போது அவர் எனக்கு இரண்டு மார்க் கேள்வி, அவ்வளவுதான்.

சோடா உதாரணம் சும்மா வந்ததில்லை. 1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசஃப் பிரீஸ்ட்லி ஒரு பீர் ஆலைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தார். நொதிக்கும் தொட்டிகளுக்கு மேல் தேங்கும் வாயுவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துப் பார்த்தார். 1772இல் செய்முறையைச் சிறு நூலாகவும் போட்டார். கடலோடிகளின் ஸ்கர்வி நோய்க்கு இது மருந்தாகும் என்று அவர் நம்பினார். ஆகவில்லை. ஆனால் வியாபாரம் ஆனது. மான்செஸ்டரில் மருந்து தயாரிப்பாளர் தாமஸ் ஹென்றி செயற்கைக் கனிமநீர் செய்து விற்றார். அவருடைய மகன்தான் வில்லியம். சிறுவயதில் உத்திரம் விழுந்து அடிபட்டு, வாழ்நாள் முழுக்க வலியோடு இருந்தவர். வாயு தண்ணீரில் எவ்வளவு கரையும் என்பது அந்த வீட்டில் தத்துவக் கேள்வி இல்லை, கடைக் கேள்வி.

கண்ணாடிக் கலத்தில் தண்ணீரையும் வாயுவையும் அடைத்து, பாதரசத்தால் அழுத்தி, கையால் குலுக்கிக் குலுக்கி அளந்தார் வில்லியம். அழுத்தம் இரண்டு மடங்கானால் கரையும் அளவும் இரண்டு மடங்கு, மூன்றானால் மூன்று. 1803இல் ராயல் சொசைட்டியின் இதழில் கட்டுரை வெளிவந்தது. அதன் நீண்ட தலைப்பைப் படித்தபோது எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது: வெவ்வேறு வெப்பநிலைகளிலும் வெவ்வேறு அழுத்தங்களிலும் தண்ணீர் உறிஞ்சும் வாயுக்களின் அளவு பற்றிய சோதனைகள். வெப்பநிலைதான் முதலில் வருகிறது. நமக்குப் பாடப்புத்தகத்தில் அழுத்தம் மட்டும் சமன்பாடாகத் தங்கியது. வெப்பநிலை "மாறிலி" என்ற பெயருக்குள் போய் ஒளிந்துகொண்டது. எந்த ஊர் மாறிலி என்று நான் கேட்கவே இல்லை.

ஹென்றியும் தப்பு செய்தவர்தான். குலுக்கியபின் கலத்தில் மிஞ்சும் வாயு சுத்தமானதல்ல, அதில் வேறு வாயுக்களும் கலந்திருக்கும். கரைதல் அந்தந்த வாயுவின் பங்கு அழுத்தத்தைப் பொறுத்தது என்று அவருடைய நண்பர் ஜான் டால்டன் சுட்டிக்காட்டினார். ஹென்றி மறைக்கவில்லை, மழுப்பவில்லை. அதே ஆண்டு ஒரு பின்னிணைப்பு எழுதித் திருத்தினார். இந்த முழுக் கதையில் எனக்குப் பிடித்த இடம் இது. பயோகேஸ் கோபுரம் அப்படியே டால்டன் சொன்ன நிலைமைதான்: அடியில் கரியமில வாயு 40 சதவீதம், மேலே போகப் போகக் குறையும், குறையக் குறையக் கரைவதும் மந்தமாகும். அதனால் கோபுரத்தைத் தட்டுத் தட்டாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும். என் நிரலின் ஃபார் லூப் அந்தப் பின்னிணைப்புக்குத்தான் கடன்பட்டது.

பிறகு வந்தவர்கள் வேகத்தைச் சேர்த்தார்கள். வாயுவும் நீரும் தொடும் இடத்தில் இருபக்கமும் மெல்லிய படலம் இருப்பதாக 1923இல் வால்டர் விட்மன் எழுதினார். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1976இல், அமெரிக்க அரசின் பணத்தில் எம்ஐடியில் ஆஸ்பென் என்ற மென்பொருள் வேலை தொடங்கியது. அதன் வாரிசுகள் இன்று இந்தக் கோபுரத்தை நொடியில் வரைந்துவிடும். உள்ளே குலுங்குவது அதே கண்ணாடிக் கலம்.

நான் மாதிரியாக வைத்துக்கொண்டது ஸ்வீடனை. லிங்ஷோப்பிங் நகரப் பேருந்துகள் 1990களிலிருந்தே பயோகேஸில் ஓடுகின்றன. அந்த நாட்டில் தண்ணீர்க் கோபுரங்கள் நிறைய. குளிர்ந்த தண்ணீர் அங்கே கிட்டத்தட்ட இலவசம். 10 டிகிரியில் கரைவதில் பாதிகூட 38 டிகிரியில் கரையாது. என் 25 டிகிரிக் கணக்குக்கே நண்பனுக்கு நாற்பது சதவீதம் கூடுதல் தண்ணீர் வேண்டியிருந்தது. பம்ப் மாற்ற வேண்டாம், தொட்டியை மண்ணுக்குள் இறக்கிக் கூரை போடு என்றேன். முப்பதுக்கு இறங்கியது, மீட்டர் தொண்ணூறைத் தாண்டியது.

நிரலைத் திருத்தும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. மீத்தேனும் கொஞ்சம் கரைகிறது. கரியமில வாயுவைவிட இருபத்தைந்து மடங்கு குறைவாகத்தான். ஆனாலும் பெருக்கிப் பார்த்தால் உள்ளே போகும் மீத்தேனில் சுமார் 4 சதவீதம் தண்ணீரோடு இறங்கி, காற்றூதும் கோபுரம் வழியாக வானத்துக்குப் போகிறது. நூறாண்டுக் கணக்கில் புவியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப்போல 28 மடங்கு. நடுவில் ஒரு தொட்டி வைத்து அழுத்தத்தைப் பாதி இறக்கினால் பெரும்பகுதியைப் பிடித்துத் திருப்பி அனுப்பலாம். ஹென்றி விதியேதான், தலைகீழாக.

அவனிடம் சொன்னேன். தொட்டிக்கு விலை கேட்டான், சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அது மீட்டர்ல தெரியுமா மாப்ள?"

"தெரியாதுடா. மேல வர்ற கேஸ மட்டுந்தான் மீட்டர் பார்க்கும்."

"சரி, முட்டை விலை ஏறட்டும், பார்ப்போம்" என்றான். நிரலில் அந்த 4 சதவீதத்தை இப்போது தனி வரியாக, சிவப்பில் அச்சிட வைத்திருக்கிறேன். மாதாமாதம் அவனுக்கு அனுப்புகிறேன்.