பொக்லைன் வந்த வழியும் மண்வெட்டுக் கூலியும்

கழிவுநீர்க் குழாய் புதைக்க வேண்டுமா, பழைய கிணற்றைத் தூர்க்க வேண்டுமா, நம் ஊரில் உடனே வரும் பேச்சு, "ஒரு பொக்லைன் கூப்பிடு" என்பதுதான். வந்து நிற்பது மஞ்சள் நிற ஜே.சி.பி.யாக இருந்தாலும் பெயர் பொக்லைன்தான். பத்திரிகைகளும் அப்படியே எழுதுகின்றன. பலர் இதை ஆங்கிலச் சொல் என்று எண்ணியிருக்கிறார்கள். அது பிரெஞ்சுப் பெயர்.

பாரிசுக்கு வடகிழக்கே லெ பிளெசி-பெல்வில் என்ற சிற்றூரில் ஜோர்ஜ் பத்தாய் என்பவர் நடத்திய விவசாயக் கருவிப் பட்டறையின் பெயர் அது. பின்னாளில் அந்தப் பட்டறை எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் தோண்டு இயந்திரங்களைச் செய்யத் தொடங்கி, 1960-களில் உலகமெங்கும் விற்றது. இந்தியாவில் லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனம் உரிமம் பெற்று அதே இயந்திரங்களைச் செய்தது. கம்பெனியின் பெயர் இயந்திரத்தின் பெயராகி, நம் தெருவுக்கு வந்துவிட்டது.

பெயரோடு ஒரு மாற்றமும் வந்தது. மண் வெட்டுவதற்குக் கூலி பேசும் முறையே மாறிப்போனது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

மண்வெட்டியும் கூடையும் இருந்த காலத்தில் கூலி குழிக் கணக்கு. நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கினால் கன அளவு. அரசு வேலையானால் அளவுப் புத்தகத்தில் ஏறும். சாதாரண மண், கெட்டி மண், மென்பாறை, கடும்பாறை என்று வகைக்கு ஒரு விலை. வெட்டிய மண்ணை எவ்வளவு தூரம் கொண்டு போய்க் கொட்டினார்கள், எவ்வளவு உயரம் ஏற்றினார்கள் என்பதற்கும் தனிக் கணக்கு உண்டு.

வெட்டி முடித்த பிறகு, பழைய தரை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று எப்படித் தெரியும்? அதற்காகக் குழியின் நடுவே ஓரிரு இடங்களில் மண்ணை வெட்டாமல் திட்டாக விட்டுவைப்பார்கள். அதன் உயரமே குழியின் ஆழம். பிரெஞ்சில் அந்தத் திட்டுக்கு 'தெமுவேன்' என்று பெயர். சாட்சி என்று பொருள். நல்ல பெயர். கூலிக்காரனுக்கும் அளப்பவனுக்கும் நடுவே பொய் சொல்லாத சாட்சி அந்த மண் திட்டு ஒன்றுதான்.

மனிதக் கையிலிருந்து இயந்திரத்துக்கு வேலை மாறிய பெரிய கதை சூயஸ் கால்வாய். கப்பலில் பிரான்சுக்குப் போன நம் ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் கடந்த வழி அது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு லெசெப்ஸ் பெயர் நன்றாகத் தெரியும். மண் வெட்டிய எகிப்திய உழவனைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை.

வேலை 1859 ஏப்ரலில் தொடங்கியது. ஆட்களைக் கொடுத்தது எகிப்து அரசு. பிரெஞ்சில் இதற்குக் 'கொர்வே' என்று பெயர். சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வருகிறதே, ஏறக்குறைய அதுதான். சூயஸில் கூலி உண்டு. 1856-ம் ஆண்டு ஆணைப்படி நாளுக்கு இரண்டரை முதல் மூன்று பியாஸ்தர், 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஒரு பியாஸ்தர். ஆனால் வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை கிடையாது. ஒரு மாதத்தில் சுமார் 20,000 பேர் வேலை செய்வார்கள். அதே நேரத்தில் இன்னொரு 20,000 பேர் வந்துகொண்டிருப்பார்கள், மற்றொரு 20,000 பேர் ஊர் திரும்பிக்கொண்டிருப்பார்கள். அவர்களுடைய வயலை யார் உழுதார்கள் என்பது கால்வாய்க் கம்பெனியின் கணக்கில் வராது.

அடுத்து ஆட்சிக்கு வந்த இஸ்மாயில் இதை நிறுத்த விரும்பினார். வழக்கு மூன்றாம் நெப்போலியனிடம் மத்தியஸ்தத்துக்குப் போனது. 1864-ல் தீர்ப்பு. எகிப்து கம்பெனிக்கு 84 மில்லியன் பிராங்க் தர வேண்டும், அதில் 38 மில்லியன் கட்டாய ஆட்களை நிறுத்தியதற்காக. யோசித்துப் பாருங்கள். தன் குடிமக்களைத் திரும்ப அழைத்துக்கொள்ள ஒரு நாடு நஷ்டஈடு கட்டியிருக்கிறது.

அதன் பிறகுதான் இயந்திரங்கள் முழு வீச்சில் இறங்கின. எல் கிஸ்ர் மேட்டில் கூவ்ரே என்ற ஒப்பந்தக்காரர் சங்கிலியில் வாளிகள் கோத்த தோண்டு இயந்திரத்தைத் தண்டவாளத்தின் மேல் ஓட்டினார். இன்று கேபிள் பள்ளம் தோண்டும் சங்கிலி இயந்திரத்துக்கு அதை மூதாதை என்று சொல்லலாம். போரெல், லாவாலே கம்பெனி நீராவித் தூர்வாரிகளை இறக்கியது. மொத்தம் சுமார் 75 மில்லியன் கன மீட்டரில் பெரும் பகுதியை எடுத்தது இவர்களுடைய இயந்திரங்கள்தான். 1869 நவம்பர் 17-ல் கால்வாய் திறந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒப்பந்தங்கள் கன மீட்டர் கணக்கில்தான் எழுதப்பட்டன. இயந்திரம் பழுதானால், மண் கெட்டியானால், அது ஒப்பந்தக்காரரின் பாடு. கிளாஸ்கோவைச் சேர்ந்த எய்ட்டன் என்பவர் 21.7 மில்லியன் கன மீட்டருக்கு ஒப்பந்தம் எடுத்தார். முடிக்க முடியாமல் அவர் பங்கும் போரெல், லாவாலேயிடமே போனது.

இன்று நம் தெருவில் பேசுவது மணிக் கணக்கு. கல் வந்தாலும், வண்டி மெதுவாக ஓடினாலும், மீட்டர் ஓடுகிறது. அன்று ஒப்பந்தக்காரர் தலையில் இருந்த பாரம் இன்று வீட்டுக்காரர் தலையில்.

பழைய வண்டி வைத்திருப்பவர் குறைவாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. புது வண்டிக்காரருக்கு மாதத் தவணை கட்ட வேண்டும். பழைய வண்டிக்குத் தவணை முடிந்திருக்கும். ஆனால் பின்னும் புஷ்ஷும் தேய்ந்திருக்கும், ஹோஸ் வெடிக்கும், டீசல் கூடுதலாகக் குடிக்கும். 100 அடி நீளம், 2 அடி அகலம், 3 அடி ஆழம் என்றால் 600 கன அடி. கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: மணிக்கு 1,200 ரூபாய் கேட்கும் புது வண்டி மூன்று மணியில் முடித்தால் 3,600. மணிக்கு 1,000 கேட்கும் பழைய வண்டி நான்கு மணி எடுத்தால் 4,000. மலிவு எது?

அவரையும் குறை சொல்ல முடியாது. அடிக் கணக்குக்கு ஒப்புக்கொண்டு, இரண்டாவது அடியில் பாறை வந்தால் அன்றைய டீசலே கைநஷ்டம். அதனால் இரண்டு பேருக்கும் நியாயமான வழி, பேச்சை இப்படி முடிப்பது: சாதாரண மண்ணுக்கு அடிக் கணக்கு, கல் தட்டினால் அதிலிருந்து மணிக் கணக்கு, வண்டி பழுதாகி நிற்கும் நேரத்துக்குக் கூலி இல்லை. வேலை தொடங்குமுன் இதைச் சொல்லிவிட்டால் பிறகு சண்டை இல்லை.

மண்வெட்டியோடு வந்தவனுக்கு இப்படிப் பேரம் பேச இடமிருக்கவில்லை. கல் வந்தால் அவன் முதுகுதான் வலித்தது. சாட்சித் திட்டு அவன் வெட்டிய ஆழத்தை மட்டும் சொன்னது.