ஏழு அதிசயங்கள் பூங்கா, அஜ்மீர்

ஏழு அதிசயங்கள் பூங்கா என்பது இராஜஸ்தான் மாநிலத்தின் அஜ்மீர் நகரில், ஆனா சாகர் ஏரிக்கரையில் அமைந்திருந்த சுற்றுலாப் பூங்கா ஆகும். பொலிவுறு நகரத் திட்டத்தின் கீழ் 11 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட செலவில் கட்டப்பட்டு 2022ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் நீதிமன்ற ஆணைப்படி இடிக்கப்பட்டது.

அமைப்பு

தாஜ்மகால், கீசா பிரமிடு, கொலோசியம், பைசா சாய்ந்த கோபுரம், ஈபெல் கோபுரம், சுதந்திரதேவி சிலை, மீட்பரான கிறித்து சிலை ஆகியவற்றின் சிறிய மாதிரிகள் இங்கு இருந்தன. பெயர் சற்றுப் பொருந்தாதது. பண்டைய உலகின் ஏழு அதிசயங்களுள் கீசா பிரமிடு மட்டுமே இதில் உண்டு. தாஜ்மகால், கொலோசியம், கிறித்து சிலை ஆகியவை 2007ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் தேர்வானவை. ஏனைய மூன்றும் இவ்விரு பட்டியல்களிலும் இல்லை. புகழ் கருதிச் சேர்க்கப்பட்டவை எனலாம். இதே ஏழு சின்னங்கள் கோட்டா நகரிலும் (2013), பழைய இரும்புக் கழிவுகளால் ஆன தில்லிப் பூங்காவிலும் (2019) உள்ளன.

வழக்கு

ஆனா சாகர், சவுகான் மன்னர் அர்ணோராஜா 12ஆம் நூற்றாண்டில் அமைத்த செயற்கை ஏரியாகும். ஏரியின் நீர்பிடிப்பு ஓரம் மழைக்காலத்தில் மிகைநீரைத் தாங்கும் இடம். அங்கே மண் நிரப்பிக் கட்டடம் எழுப்பினால் ஏரியின் கொள்ளளவு குறைந்து, வெள்ளம் ஊருக்குள் புகும். ஈரநில விதிகளுக்கு மாறானது என்று கூறி, இக்கட்டுமானங்களை அகற்றத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2023இல் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றத்திலும் அரசுக்குச் சாதகமான முடிவு கிட்டவில்லை. சுதந்திரதேவி சிலை முதலில் அகற்றப்பட்டது. மற்றவை பின்னர் இயந்திரங்களால் தகர்க்கப்பட்டன.