இடப்படாத நட்சத்திரக் குறி

அமெரிக்க பேஸ்பாலின் சரித்திரம் பெரும்பாலும் எண்களால் எழுதப்பட்ட சரித்திரம். இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் கிரிக்கெட் பற்றி எழுதிவந்த ஹென்றி சாட்விக் என்ற பத்திரிகையாளர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், கிரிக்கெட்டின் கணக்கெழுதும் பழக்கத்தை இந்த ஆட்டத்துக்கு ஏற்ப வளர்த்தெடுத்தார். அதன் விளைவாக, இறந்துபோனவரும் இன்று ஆடுபவரும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்த வரிகளில் நிற்கிறார்கள். அவர்கள் அனைவரும் ஒரே ஆட்டத்தை ஆடியவர்கள் என்ற பிரமையை இந்தப் பட்டியல் தருகிறது. பரிசீலிக்கப்பட வேண்டியது இந்தப் பிரமைதான்.

பேஸ்பாலில் பேட்டிங் சராசரி என்பது ஓட்டங்களின் கணக்கல்ல. கணக்கில் சேரும் வாய்ப்புகளில் எத்தனையில் ஒருவர் பந்தை அடித்துத் தளம் சேர்ந்தார் என்ற விகிதம். 1930ல் நேஷனல் லீகில் பில் டெரியின் சராசரி 0.401. 1968ல் அமெரிக்கன் லீகில் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி வெறும் 0.301 எடுத்து முதலிடம் பெற்றார். டெரி எட்டாத உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் 1930ல் அந்த லீக் முழுவதற்குமான சராசரியே 0.303. 1968ல், பந்தெறிபவர்களின் கை ஓங்கியிருந்த அந்த ஆண்டில், யஸ்ட்ரெம்ஸ்கியின் லீகின் சராசரி 0.230. விகிதத்தில் பார்த்தால் இருவரும் தத்தம் சமகாலத்தவரைவிட ஏறத்தாழ ஒரே அளவுதான் உயர்ந்து நிற்கிறார்கள். அடுத்த ஆண்டே பந்தெறியும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். ஐந்து அங்குல மண்ணும் ஒருவருடைய மேதைமையில் பங்கு கொள்கிறது.

1941ல் டெட் வில்லியம்ஸ் 0.406 எடுத்த பிறகு அமெரிக்கன் லீகிலும் நேஷனல் லீகிலும் யாரும் ஒரு பருவத்தில் 0.400ஐத் தொடவில்லை. பழைய வீரர்களைப் போல் இன்று இல்லை என்பவர்களுக்கு இது பிடித்தமான சான்று. உயிரியலாளர் ஸ்டீவன் ஜே கூல்ட் இதைத் தலைகீழாக்கினார். பொதுச் சராசரி பெரிதாக மாறவில்லை. ஆனால் ஆட்டத்தின் தரம் உயர உயர, மிகச் சிறந்தவருக்கும் சாதாரணமானவருக்கும் இடையிலிருந்த தூரம் சுருங்கிவிட்டது என்றார் அவர். சிகரம் தாழவில்லை, சமவெளி உயர்ந்திருக்கிறது.

இந்தத் தர்க்கத்தை இன்னும் ஓரடி நகர்த்தினால் சங்கடமான இடத்துக்கு வந்துசேர்கிறோம். சமவெளியில் நிற்க யார் அனுமதிக்கப்பட்டார்கள்?

1961ல் ரோஜர் மாரிஸ் 61 ஹோம் ரன் அடித்து, 1927ல் பேப் ரூத் அடித்த 60ஐத் தாண்டினார். ரூத் காலத்தில் ஒரு பருவத்துக்கு 154 ஆட்டங்கள்; மாரிஸ் காலத்தில் 162. இந்த எட்டு ஆட்டங்களுக்காக இரண்டு சாதனைகளையும் தனித்தனியே குறிக்க வேண்டும் என்று கமிஷனர் ஃபோர்டு ஃபிரிக் தீர்ப்பளித்தார். மாரிஸ் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருப்பதாகவே ஜனங்கள் வெகுகாலம் நம்பினார்கள். ஆனால் ரூத்தோ, 0.367 என்ற வாழ்நாள் சராசரி கொண்ட டை காபோ தங்கள் லீக் ஆட்டங்களில் ஒரு கறுப்பரின் பந்தைக்கூடச் சந்தித்ததில்லை. 1947ல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணியில் இறங்கும்வரை, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கதவு மூடியிருந்தது. அதற்காக எந்தக் குறியும் கோரப்படவில்லை.

2020ல் நீக்ரோ லீகுகள் மேஜர் லீக் தகுதி உள்ளவை என்று அறிவிக்கப்பட்டு, 2024ல் அவற்றின் எண்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஜாஷ் கிப்சன் 0.372 என்ற சராசரியுடன் காபுக்கு மேலே வந்தார். அவருடைய பருவங்கள் சிறியவை, அவரும் வெள்ளையரை லீகில் சந்திக்கவில்லை என்ற ஆட்சேபங்கள் எழுந்தன. இரண்டும் உண்மை. ஆனால் கதவைச் சாத்தியவர் கிப்சன் அல்ல. பருவம் சிறிதானதற்கும் காரணம் உண்டு: அந்த அணிகள் ஊர் ஊராகப் போய் உள்ளூர் அணிகளுடன் ஆடித்தான் பிழைக்க வேண்டியிருந்தது. அந்த ஆட்டங்கள் எந்தப் பட்டியலிலும் சேரவில்லை.

ஆகவே கிப்சன் காபைவிடச் சிறந்தவரா என்ற கேள்விக்கு 0.372 பதிலாகாது. அது வேறொரு காரியத்தைச் செய்கிறது. தனியே நின்றவரை முழுமையானதாகத் தோன்றிய 0.367, இப்போது பாதி ஆட்டத்தின் எண்ணாகத் தெரிகிறது. மேட்டின் உயரத்தையும் பருவத்தின் நீளத்தையும் கணக்கால் சரிசெய்துவிடலாம். ஆடப்படாத ஆட்டத்தை எந்த விகிதமும் ஈடுகட்டாது. ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதங்கள்கூட இல்லாத நிலையில், 1947 ஜனவரியில் கிப்சன் இறந்தார். அப்போது அவருக்கு வயது 35.