ஒரே சீட்டில் இரண்டு மாத்திரை

2004 ஜூன். பள்ளிக்கூடம் திறந்து இரண்டாவது வாரம். மதுரையில் நான் மருந்தாளுநராக இருந்த கடைக்கு ஒரு தாய் தன் ஒன்பது வயதுப் பையனோடு வந்தார். பையன் நிற்கிற இடத்தில் நிற்கவில்லை. எடை பார்க்கும் மிஷினில் ஏறினான், இறங்கினான், மறுபடி ஏறினான். நடுநடுவே இடது தோள் வெடுக்கென்று மேலே போய் வந்தது, கண்ணை இறுக்கி மூடித் திறந்தான், தொண்டையைச் செருமினான். சீட்டில் இரண்டு மருந்து. காலையில் மெத்தில்ஃபெனிடேட் 10 மில்லிகிராம். இரவில் குளோனிடின், 100 மைக்ரோகிராம் மாத்திரையில் கால் பங்கு.

"அண்ணே, இது எங்க மாமனார் போடுற பிரஷர் மாத்திரைல? புள்ளைக்கு எதுக்குண்ணே?" என்றார் அந்த அம்மா.

நல்ல கேள்வி. ஆனால் எனக்கு உறுத்தியது இன்னொரு மாத்திரை. மெத்தில்ஃபெனிடேட்டோடு வரும் விளக்கத் தாளைப் படித்திருக்கிறேன். டிக்ஸ் எனப்படும் இழுப்புகள் உள்ளவர்களுக்கும், குடும்பத்தில் டூரெட் நோய் உள்ளவர்களுக்கும் தரக் கூடாது என்று அதில் இருந்தது. இந்தப் பையனின் தோளோ என் கண் முன்னால் குதிக்கிறது. "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பினேன். அந்த டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள்தான் மதுரைக்கு வருவார். எட்டு நாள் கழித்து அதே சீட்டு திரும்பி வந்தது. ஓரத்தில், இரண்டையும் தெரிந்தேதான் எழுதியிருக்கிறேன் என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த எட்டு நாளில் பாதி நாள் பையனை வகுப்புக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தார்கள் என்று அந்த அம்மா சொன்னார்.

சந்தேகம் வந்தால் கேட்கச் சொல்வதுதான் மருந்தாளுநர் வேலை. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் யாரோ எழுதிய ஒரு வரியை நம்பி ஒரு பிள்ளையை எட்டு நாள் காக்க வைத்தேன். அந்த வரி எங்கே பிறந்தது, எதைப் பார்த்து எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. அன்று தொடங்கிய தேடல் அது. கிடைத்ததைப் பல வருடமாகக் கடைக்கு வரும் பெற்றோரிடம் துண்டு துண்டாகச் சொல்லி வந்தேன். இப்போது சேர்த்து எழுதுகிறேன்.

முதல் மாத்திரையின் கதை அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் தொடங்குகிறது. ஜார்ஜ் பிராட்லி என்ற செல்வந்தரின் ஒரே மகள் எம்மா ஏழு வயதில் மூளைக் காய்ச்சலில் முடங்கிப்போனாள். அவள் நினைவாகப் பெற்றோர் விட்டுச்சென்ற சொத்தில் 1931-ல் ஈஸ்ட் பிராவிடன்ஸ் ஊரில் குழந்தைகளுக்கான மனநல மருத்துவமனை திறந்தது. அங்கே பணியாற்றிய சார்லஸ் பிராட்லி அதே குடும்பத்தைச் சேர்ந்த மருத்துவர். அந்தக் காலத்தில் மூளையைப் படம் எடுக்க வேண்டுமானால் முதுகுத் தண்டிலிருந்து நீரை வடித்துவிட்டுக் காற்றைச் செலுத்துவார்கள். குழந்தைகளுக்குத் தலைவலி பிளந்தெடுக்கும். அந்தத் தலைவலிக்காக பென்செட்ரின் என்ற ஆம்ஃபெட்டமைன் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார் பிராட்லி. தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் பிள்ளைகள் உட்கார்ந்து பாடம் படிக்க ஆரம்பித்தார்கள். பிறகு 30 குழந்தைகளுக்கு ஒரு வாரம் கொடுத்துப் பார்த்து 1937-ல் எழுதினார். 14 பேரிடம் படிப்பில் பெரிய மாற்றம். பிள்ளைகளே அதற்குக் கணக்கு மாத்திரை என்று பெயர் வைத்துவிட்டார்களாம்.

மெத்தில்ஃபெனிடேட்டை 1944-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிசோன் என்ற வேதியியலாளர் உருவாக்கினார். அவர் மனைவியின் செல்லப் பெயர் ரீட்டா. ரத்த அழுத்தம் குறைவான அவர் டென்னிஸ் ஆடப் போகும் முன் இதைப் போட்டுக்கொள்வாராம். இந்த மருந்துக்கு ரிட்டலின் என்ற பெயர் ரீட்டாவிலிருந்து வந்தது. 1950-களின் நடுவில் விற்பனைக்கு வந்தது. துறுதுறுவென்று அலைந்து கவனம் சிதறும் குழந்தைகளுக்கு, இன்று ஏடிஎச்டி என்கிறோமே அந்தக் குறைபாட்டுக்கு, இதுவே முக்கிய மருந்தாக நிலைத்தது.

இழுப்புகளின் கதை இதைவிடப் பழையது, வலி மிகுந்தது. 1825-ல் பிரெஞ்சு மருத்துவர் இதார், ஒரு சீமாட்டியைப் பற்றி எழுதினார். ஏழு வயதில் கை இழுக்கத் தொடங்கி, பிறகு தன்னை மீறிக் கத்துவதும் கெட்ட வார்த்தை சொல்வதுமாக வாழ்நாள் கழிந்தது அவருக்கு. 1885-ல் பாரிஸ் சால்பெத்ரியேர் மருத்துவமனையின் ஜில் த லா டூரெட் அந்தச் சீமாட்டியையும் சேர்த்து ஒன்பது பேரின் விவரத்தை வெளியிட்டார். நோய்க்கு அவர் பெயரே நின்றது.

அதற்குப் பிறகு வந்த எழுபது எண்பது வருடத்தைப் படிக்கும்போது எனக்கு மனம் பதறியது. 1921-ல் உளப்பகுப்பாய்வாளர் ஃபெரென்சி, இழுப்புக்குக் காரணம் அடக்கிவைத்த காம உணர்வு என்று எழுதினார். அந்த வழியிலேயே பலரும் போனார்கள். பழி பெற்றோர் தலையில், அதிலும் தாய் தலையில் விழுந்தது. வளர்ப்பு சரியில்லை என்ற சொல்லை என் கவுண்டருக்கு எதிரே நின்ற எத்தனையோ தாய்மார் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்லிக் கேட்டிருக்கிறேன். வியன்னாவிலும் நியூயார்க்கிலும் படித்தவர்கள் சொன்னதும் அதே சொல்தான்.

அதை உடைத்தது ஒரு மாத்திரை. பெல்ஜியத்தில் பால் யான்சனின் கூடத்தில் 1958-ல் உருவான ஹாலோபெரிடால், மனச்சிதைவுக்கான மருந்து. 1961-ல் ஐரோப்பாவில் டூரெட் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், இழுப்பு அடங்கியது. நியூயார்க்கில் ஆர்தர் ஷபீரோ, எலைன் ஷபீரோ தம்பதி 1965-லிருந்து ஓர் இளம்பெண்ணுக்கு வைத்தியம் பார்த்து, இது மூளை சார்ந்த நோய், மனதின் அடக்குமுறை அல்ல என்று எழுதினார்கள். அமெரிக்க இதழ்கள் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. 1968-ல் பிரிட்டிஷ் மனநல இதழ்தான் அதை வெளியிட்டது. ஹாலோபெரிடாலின் பக்கவிளைவுகள் கடுமை: தூக்கக் கலக்கம், உடல் இறுக்கம், சோர்வு. ஆனாலும் எத்தனையோ தாய்மாரின் தலையிலிருந்து பழியை இறக்கி வைத்த மருந்து என்பதால் அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு.

சிக்கலும் இங்கேதான் தொடங்கியது. ஹாலோபெரிடால் மூளையின் செய்திகடத்தியான டோபமைனைத் தடுக்கிறது, இழுப்பு குறைகிறது. மெத்தில்ஃபெனிடேட் டோபமைனைக் கூட்டுகிறது. அப்படியானால் அது இழுப்பை ஏற்றத்தானே செய்யும்? கேட்டவுடன் சரியென்று படுகிற கணக்கு. டூரெட் உள்ள குழந்தைகளில் பாதிப் பேருக்கோ அதற்கு மேலோ ஏடிஎச்டியும் இருக்கிறது என்பதால் இந்தக் கணக்கு பல குடும்பங்களைப் பாதித்தது. 1974-ல் மெத்தில்ஃபெனிடேட் சாப்பிட்ட பின் டூரெட் வந்தது என்று ஒரு மருத்துவ அறிக்கை. 1982-ல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் யேல் பல்கலைக்கழகக் குழு, தங்களிடம் வந்த சில குழந்தைகளைப் பார்த்து, மெத்தில்ஃபெனிடேட் போன்ற ஊக்கி மருந்துகள் டூரெட்டைத் தூண்டிவிடுகின்றன என்றது. விளக்கத் தாளில் நான் படித்த வரிக்குப் பின்னால் நின்றவை இத்தகைய அறிக்கைகள்தாம்.

அவர்கள் கண்ணால் கண்டதைத்தான் எழுதினார்கள். குறை வேறு இடத்தில். ஏடிஎச்டி நாலைந்து வயதிலேயே தெரிந்துவிடும். இழுப்பு பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் தலைகாட்டும். பத்து, பன்னிரண்டு வயதில் உச்சத்துக்குப் போகும். மாத்திரை ஆரம்பிப்பதோ பிள்ளை ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது. அதாவது மாத்திரை தொடங்கும் வயதும் இழுப்பு தானாக வரும் வயதும் ஏறக்குறைய ஒன்று. போதாததற்கு இழுப்பு ஒரே அளவில் இருப்பதில்லை. சில வாரம் கூடும், சில வாரம் குறையும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா, காக்கையால் விழுந்ததா என்று எப்படித் தெரியும்? காக்கை உட்காராத மரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். யாரும் எண்ணவில்லை.

அந்த அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். குளோனிடின் பிரஷருக்காகப் பிறந்த மருந்துகூட இல்லை. 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் போரிங்கர் இங்கெல்ஹைம் நிறுவனம் மூக்கடைப்புக்கு ஒரு சொட்டு மருந்து தேடிக்கொண்டிருந்தது. சளி பிடித்திருந்த அலுவலகச் செயலாளர் ஒருவரின் மூக்கில் விட்டுப் பார்த்தார்கள். அவர் ஒரு நாள் முழுக்கத் தூங்கினார், ரத்த அழுத்தம் இறங்கியது, நாடி மெதுவானது. மூக்கு மருந்து பிரஷர் மாத்திரையானது இப்படித்தான். 1979-ல் யேலின் டொனால்ட் கோஹனும் சகாக்களும், மூளையில் நார்அட்ரினலின் என்ற இன்னொரு செய்திகடத்தியின் ஓட்டத்தைத் தணிக்கும் இதே மருந்து டூரெட் இழுப்பையும் தணிக்கிறது என்று லான்செட் இதழில் எழுதினார்கள். 1982 எச்சரிக்கையை எழுதியவர்களிலும் கோஹன் இருந்தார். மூடிய கதவும் திறந்த ஜன்னலும் ஒரே வீட்டில்.

1980-களின் பிற்பாதியிலிருந்து அமெரிக்க மருத்துவர்கள் இரண்டையும் சேர்த்துத் தரத் தொடங்கினார்கள். பகலில் கவனத்துக்கு மெத்தில்ஃபெனிடேட். இழுப்புக்கும், மெத்தில்ஃபெனிடேட் கெடுத்துவிடும் தூக்கத்துக்கும் இரவில் குளோனிடின். 1995-ல் பேரிடி. இரண்டையும் சாப்பிட்ட சில குழந்தைகள் திடீரென்று இறந்ததாக அமெரிக்க வானொலியில் செய்தி வந்தது. ஒவ்வொரு மரணத்தையும் விரித்துப் பார்த்தபோது இந்தக் கூட்டுதான் காரணம் என்று நிறுவ முடியவில்லை. ஆனால் பயம் நிறுவப்படக் காத்திருக்காது. பெற்றோரும் மருத்துவர்களும் நடுங்கிப்போனார்கள்.

கடைசியில் ஒரு குழு மரங்களை எண்ண உட்கார்ந்தது. டூரெட் ஆய்வுக் குழு, பல அமெரிக்க மருத்துவமனைகளில், 7 முதல் 14 வயது வரையுள்ள, ஏடிஎச்டியும் இழுப்பும் உள்ள 136 குழந்தைகளைச் சேர்த்தது. நான்கு பிரிவு: மெத்தில்ஃபெனிடேட் மட்டும், குளோனிடின் மட்டும், இரண்டும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. 16 வாரம். யாருக்கு எது என்று குழந்தைக்கும் தெரியாது, பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. முடிவு 2002-ல் நியூராலஜி இதழில் வந்தது. இழுப்பு கூடியதாகச் சொன்னவர்கள் மெத்தில்ஃபெனிடேட் பிரிவில் 20 சதவீதம். குளோனிடின் பிரிவில் 26. வெற்று மாத்திரைப் பிரிவில் 22.

இந்த 22-ஐ முதன்முதலில் படித்தபோது தாளை மேசையில் வைத்துவிட்டேன். மருந்தே சாப்பிடாத பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இழுப்பு தானாகக் கூடியிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் கையில் மெத்தில்ஃபெனிடேட் இருந்திருந்தால் பழி அதன் மேல்தானே விழுந்திருக்கும்? இரண்டு குறைபாட்டிலும் அதிக முன்னேற்றம் இரண்டு மருந்தும் சேர்ந்த பிரிவில்தான். இதயத்துக்குக் கெடுதல் என்று சொல்லும்படி எதுவும் தென்படவில்லை. குளோனிடின் எடுத்தவர்களில் 28 சதவீதம் பேருக்குத் தூக்கக் கலக்கம் மட்டும் தொந்தரவு. 2015-ல் 22 ஆய்வுகளை, 2,385 குழந்தைகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள்: இழுப்பு புதிதாக வந்தது அல்லது கூடியது ஊக்கி மருந்தில் 5.7 சதவீதம், வெற்று மாத்திரையில் 6.5.

2002-ல் வந்த முடிவு. 2004-ல் நான் அந்தப் பையனைத் திருப்பி அனுப்பினேன். சீட்டு எழுதிய டாக்டர் படித்திருந்தார், நான் படிக்கவில்லை. அச்சிட்ட எச்சரிக்கை பிறப்பதற்குச் சில குழந்தைகள் போதும். அது மாறுவதற்கோ தலைமுறை ஆகிறது. எச்சரிக்கையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சராசரியில் இழுப்பு கூடவில்லை என்பதால் உங்கள் பிள்ளைக்கும் கூடவே செய்யாது என்று பொருளில்லை. சிலருக்கு உண்மையிலேயே கூடலாம். அதனால்தான் மருத்துவர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, இழுப்பைக் கவனித்து, நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே போகிறார்.

அந்த மதுரைப் பையனின் தாய்க்கு மாத்திரையைக் காலாக உடைத்துக் காட்டினேன். சட்டைப் பொத்தானைவிடச் சிறிய மாத்திரை. பிளேடு வைத்து அழுத்தினால் ஒரு துண்டு பறந்து எங்கேயோ விழும், இன்னொன்று மாவாகும். மாத்திரை வெட்டும் சின்னப் பெட்டியில் வைத்து, முதலில் பாதி, பிறகு பாதியில் பாதி. 25 மைக்ரோகிராம் என்பது நகக் கண்ணில் ஒட்டும் அளவு. அந்த அம்மா மூன்று மாத்திரையைத் தானே உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். மாமனாரின் அட்டையையும் பையனின் அட்டையையும் வேறு வேறு டப்பாவில் வைக்கச் சொன்னேன். அவருக்கு முழு மாத்திரை, இவனுக்குக் கால்.

இந்தக் கூட்டு மருந்து எழுதப்பட்ட பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பயத்தில் குளோனிடினைத் திடீரென்று நிறுத்தாதீர்கள், தீர்ந்துபோகவும் விடாதீர்கள். சட்டென்று நின்றால் ரத்த அழுத்தம் எகிறிவிடும். மருத்துவர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மெத்தில்ஃபெனிடேட் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து, எல்லாக் கடையிலும் இருக்காது. அட்டையில் ஒரு வார மாத்திரை மிச்சமிருக்கும்போதே சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.