காலியில்லாத கோப்புறையும் நோட்.ஜேஎஸ்ஸும்

ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே, சர்வரில் ஓட்டுவதற்காக ரயன் டால் 2009-இல் வெளியிட்ட நோட்.ஜேஎஸ்ஸில் கோப்புறையை அழிக்க 'ஆர்எம்டிர்' என்னும் செயற்கூறு இருந்தது. ஆனால் உள்ளே ஒரு கோப்பு எஞ்சியிருந்தாலும், 'காலியாக இல்லை' என்று பொருள்படும் 'இநாட்எம்ப்டி' பிழைக்குறியைத் தந்து அது நின்றுவிடும். நிரலாளர் பலருக்கு எரிச்சலூட்டிய இந்த மறுப்பு, உண்மையில் யுனிக்ஸிலிருந்து வழிவழியாக வந்தது. 1979-இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் கோப்புறையை நீக்குவதற்கென்று தனியான கெர்னல் அழைப்பு, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியிடம் நிரல் விடுக்கும் கோரிக்கை, இருக்கவில்லை. நிர்வாகியின் அதிகாரத்தோடு ஓடிய ஒரு கட்டளையே, கோப்புறை காலிதானா என்று பார்த்து, அதன் இணைப்புகளை ஒவ்வொன்றாக அறுத்தது. 1983-இல் 4.2 பிஎஸ்டி இப்பணியைத் தனி அழைப்பாக்கியபோதும் காலியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை நீடித்தது. ஒரு கோப்புறையை மட்டும் நீக்குவது ஒரே அடியில் முடியும் செயல். கிளைவிட்ட கோப்புறைத் தொகுதியை அழிப்பதோ பல செயல்களின் கோவை என்பதால், பாதியில் தடைபட்டால் என்ன செய்வது என்ற முடிவைக் கெர்னல் நிரல்களிடமே விட்டுவைத்தது எனலாம்.

நோட் விட்டுவைத்த அந்த இடத்தை, என்பிஎம் என்னும் தொகுப்பு மேலாளரை உருவாக்கிய ஐசக் ஷ்லூட்டரின் 'ரிம்ராஃப்' நிரப்பியது. உள்ளடக்கத்தைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் அழித்து, கடைசியில் காலியான கூட்டை நீக்குவதே அதன் அடிப்படை வேலை. சிக்கல் விண்டோஸில்தான் முற்றியது: வைரஸ் தடுப்பு நிரல் ஏதேனும் கோப்பைப் பிடித்துக்கொண்டிருந்தால் அழிப்பு தோற்கும் என்பதால், ரிம்ராஃப் சற்றுக் காத்திருந்து மீண்டும் முயன்றது, அனுமதி மறுக்கப்பட்டால், அக்கோப்பின் அனுமதியை மாற்றிவிட்டுத் தொடர்ந்தது. சில வரிகளில் முடியும் என்று தோன்றும் இவ்வேலைக்குத் தனித் தொகுப்பு தேவைப்பட்டதன் காரணம் இந்த நுணுக்கங்களே.

2019-இல் வந்த நோட் 12.10, ரிம்ராஃபின் மாற்றியமைத்த வடிவத்தையே உள்வாங்கி, உட்கோப்புறைகள்வரை இறங்கி அழிக்கும் 'ரிக்கர்சிவ்' விருப்பத்தை ஆர்எம்டிருக்குச் சோதனை நிலையில் அளித்தது. பழைய கட்டுப்பாட்டை அதே பெயருக்குள் தளர்த்திய இந்த ஏற்பாடு பொருந்தவில்லை. கோப்புறைக்கான செயற்கூறு தனிக் கோப்பையும் அழித்தது, இல்லாத பாதையைத் தந்தாலும் பிழை காட்டாமல் முடிந்தது. ஆகவே 2020-இல் 14.14 பதிப்பு 'ஆர்எம்' என்னும் புதிய செயற்கூறைக் கொணர்ந்து, இல்லாத பாதையைப் பொருட்படுத்தாமல் செல்வதை 'ஃபோர்ஸ்' என்ற தனி விருப்பமாகப் பிரித்தது. 16-ஆம் பதிப்பிலிருந்து பழைய வழியைப் பயன்படுத்துவோருக்கு எச்சரிக்கை தோன்றலாயிற்று.