சோப்பாவ் பட்டறையும் இருவீச்சு எஞ்சினும்

1961ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் ஸ்வீடன் நாட்டுக் கிறிஸ்டியான்ஸ்டாட் நகரில் உலக மோட்டார் சைக்கிள் பந்தய வரிசையின் 125 சி.சி. பிரிவுப் போட்டி நடந்தது. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். தொழிற்சாலைக்காக ஓட்டிவந்த எர்ன்ஸ்ட் டெக்னர் புள்ளிக் கணக்கில் முதலிடத்தில் இருந்தார். உலகப் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. பந்தயம் தொடங்கிச் சிறிது நேரத்திற்கெல்லாம், முன்னே பறந்துகொண்டிருந்த அவருடைய வண்டியின் எஞ்சின் பழுதாகி நின்றது. அதன் பின்னர் டெக்னர் தம் குழுவினரிடம் சொல்லிக்கொள்ளாமலே புறப்பட்டு, டென்மார்க் வழியாக மேற்கு ஜெர்மனி சேர்ந்தார். அவருடைய மனைவியும் இரு புதல்வர்களும் அதே வார இறுதியில் ஒரு காரின் பின்பெட்டியில் ஒளிந்து எல்லையைக் கடந்தனர். பெர்லின் நகரை இரண்டாகப் பிரிக்கும் வேலி எழுப்பப்பட்டு அன்று ஐந்து வாரமே ஆகியிருந்தது.

இந்நிகழ்ச்சி துப்பறியும் கதைபோலப் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. டெக்னர் எதனைத் தம்முடன் கொண்டு சென்றார் என்பதிலேதான் எழுதுவோர்க்குச் சுவை. வரைபடமா, பிஸ்டனா, வேறு உறுப்பா? ஆனால் அந்த எஞ்சினின் இயல்பை அறியாதவர்க்கு இக்கேள்வியின் பொருளே விளங்காது. ஆதலின் ஓடியவரைச் சற்று நிறுத்திவைத்து, எஞ்சினை முதலில் காண்போம்.

பட்டறைகளில் டூ ஸ்ட்ரோக் என்று வழங்கும் இருவீச்சு எஞ்சினில் பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் எல்லா வேலையும் முடிந்துவிடுகிறது. பிஸ்டன் மேலேறும்போது, அதன் கீழுள்ள கிராங்க் பெட்டி கார்புரேட்டர் வழியாகக் காற்றையும் பெட்ரோலையும் உறிஞ்சுகிறது. பிஸ்டன் கீழிறங்கும்போது அக்கலவை அமுக்கப்பட்டு, பக்கவழிகளினூடே சிலிண்டருக்குள் ஏறுகிறது. அதே வேளையில் எரிந்த புகை மற்றொரு துளை வழியாக வெளியேறுகிறது. திறந்து மூடும் வால்வுகள் சிலிண்டரில் இல்லை. துளைகளை மறைப்பதும் திறப்பதும் பிஸ்டனே. அமைப்பு எளிது, விலை குறைவு. ஆனால் ஒரு குறை உண்டு. வாசலும் கொல்லைக் கதவும் ஒருங்கே திறந்து கிடக்கும் வீட்டில், வந்த விருந்தினர் இலையில் அமராமலே பின்புறமாகப் போய்விட்டால் என்ன ஆகும்? புதிய கலவையில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு போய்விடுகிறது. இருவீச்சு எஞ்சினின் வரலாறு முழுவதும் இக்கொல்லைக் கதவோடு நடத்திய போராட்டம் எனலாம்.

அப்போராட்டத்தின் களங்களுள் தலையாயது சாக்சனி மாநிலத்துச் சோப்பாவ் என்னும் சிற்றூர். டென்மார்க்கிலிருந்து வந்து குடியேறிய ரஸ்முசென் என்பவர் நிறுவிய டி.கே.டபிள்யூ. தொழிற்சாலை அங்கே இருந்தது. அதன் பந்தய வண்டிகளில், கலவையை அமுக்கி ஊட்டுவதற்கென்றே தனியாக ஒரு பிஸ்டன் பொருத்தினர். 1938இல் எவால்ட் குளூகே அத்தகைய 250 சி.சி. வண்டியை ஓட்டி, மான் தீவுப் பந்தயத்தில் வென்றார். பின்னர்ப் போர் வந்தது. போர் முடிந்ததும் சோப்பாவ் ஆலையின் இயந்திரங்களைச் சோவியத் நாட்டினர் இழப்பீடாகக் கழற்றிச் சென்றனர். ஹெர்மன் வேபர் வடிவமைத்த ஆர்.டி.125 என்னும் சிறு வண்டியோ வென்ற நாடுகளின் பொதுச்சொத்தாயிற்று. இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. பேண்டமும், அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் 125உம், சோவியத் மாஸ்க்வாவும் அதன் நகல்களே. 1955இல் யமஹா வெளியிட்ட முதல் வண்டியும் அவ்வழியில் வந்ததே. அளவுகோலும் பொறுமையும் உள்ள எவரும் ஆர்.டி.125ஐ நகலெடுக்க முடிந்தது. இதனை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னர் உதவும்.

1946இல் மற்றொன்றும் நேர்ந்தது. கலவையை அமுக்கி ஊட்டும் கருவிகளைப் பன்னாட்டுப் பந்தயச் சங்கம் தடைசெய்தது. பந்தயத்தில் இருவீச்சு எஞ்சினின் காலம் முடிந்துவிட்டதென்றே பலரும் கருதினர். நான்குவீச்சு எஞ்சினுக்கு அத்தடை ஒரு சங்கடம். இருவீச்சு எஞ்சினுக்கோ மூச்சையே நிறுத்தியது போன்றது.

இந்நிலையில் சோப்பாவின் பந்தயப் பிரிவு வால்ட்டர் காடன் கைக்கு வந்தது. 1919இல் அவ்வட்டாரத்திலேயே பிறந்தவர் அவர். போர்க்காலத்தில் ஹென்ஷல் விமானத் தொழிற்சாலையில் ராக்கெட்டால் உந்தப்படும் குண்டுகளின் ஆராய்ச்சியில் பணிபுரிந்தார். போருக்குப் பின் சோப்பாவ் திரும்பி, குண்டுவீச்சில் சிதைந்த வீடுகளுக்கு மரக்கூரைச் சட்டங்கள் செய்து விற்று வாழ்ந்தார். ஓய்வு நேரத்தில் ஆர்.டி.125 ஒன்றைப் பந்தயத்திற்குத் தக்கபடி தாமே திருத்தி ஓட்டினார். 1953இல் தொழிற்சாலை அவரை அழைத்துப் பந்தயப் பிரிவை ஒப்படைத்தது. கையில் பணம் இல்லை. நல்ல உலோகம் அரிது. நம்பத்தக்க பேரிங்கும் பிஸ்டன் வளையமும் மேற்கிலிருந்துதான் வரவேண்டும். நேரமும் கருத்தும் மட்டுமே தாராளமாக இருந்தன.

இருவீச்சு எஞ்சினின் சக்தியைப் பெருக்க விரும்புவோர் முதலில் கை வைப்பது கார்புரேட்டரில்தான். பெரிய வாயுள்ள கார்புரேட்டரைப் பொருத்தினால் மிகுதியான காற்று புகும், சக்தியும் பெருகும் என்பது அவர்கள் எண்ணம். கேட்பதற்குச் சரியாகவே தோன்றும் இவ்வெண்ணம் பாதி உண்மையே. கார்புரேட்டரில் பெட்ரோலை மேலே இழுப்பது காற்றின் வேகம். குழாய் அகன்றால் காற்று மெல்லச் செல்லும். மெல்லச் சென்றால் பெட்ரோல் சரிவர எழாது, தூவலாகவும் பிரியாது. உச்ச வேகத்தில் நன்றாக ஓடும் வண்டி, வளைவிலிருந்து வெளிவரும்போது இருமித் தடுமாறும். அகன்ற வாயை வைத்துவிட்டு ஜெட்டை மாற்றிக்கொண்டே இருந்தாலும் அக்குறை தீராது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரண இருவீச்சு எஞ்சினில் கிராங்க் பெட்டியின் நுழைவுத் துளையைத் திறப்பதும் பிஸ்டனே. அது மேலேறும்போது எந்த இடத்தில் துளையைத் திறக்கிறதோ, இறங்கும்போதும் அதே இடத்தில்தான் மூடும். நெடுநேரம் உறிஞ்ச வேண்டுமென்று துளையை முன்னதாகத் திறந்தால், மூடுவதும் தாமதமாகும். இறங்கும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையைத் திரும்பக் கார்புரேட்டர் வழியாகவே வெளியே துப்பும். துப்பிய காற்று மறுபடியும் ஜெட்டைக் கடந்து பெட்ரோலைச் சுமந்துகொண்டு உள்ளே வரும். ஒரே காற்று மூன்று முறை பெட்ரோல் ஏற்றினால் கலவை எப்படி அளவாக இருக்கும்?

இதற்கு வழி கண்டவர் டானியல் சிம்மர்மன் என்னும் பந்தயப் பொறியாளர். 1950களின் தொடக்கத்தில் அவர் தம் வண்டியில், கிராங்க் தண்டோடு சேர்ந்து சுழலும் மெல்லிய எஃகுத் தகடு ஒன்றை நுழைவாயிலில் அமைத்தார். தகட்டின் ஓரத்தில் ஒரு பகுதி வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். அவ்வெட்டு வாயிலுக்கு நேரே வரும்போது வழி திறக்கும்; கடந்ததும் மூடும். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதைத் தனித்தனியே முடிவு செய்யலாம். தகட்டு வால்வு என்னும் கருத்து அதற்கு முன்பே உலகில் இருந்ததுதான். ஆயினும் அதன் முழுப்பயனைக் கண்டவர் காடன். கார்புரேட்டர் கிராங்க் பெட்டியின் பக்கவாட்டுக்கு இடம் மாறிற்று. துப்புதல் குறைந்ததால், முன்பு கனவிலும் பொருத்த முடியாத அகன்ற வாயைப் பொருத்த முடிந்தது. ஆக, பெரிய கார்புரேட்டர் சக்தியைத் தரவில்லை. பெரிய கார்புரேட்டருக்குத் தகுந்த எஞ்சின் முதலில் உருவாயிற்று.

கொல்லைக் கதவு இன்னும் மூடப்படவில்லை. அதற்கும் காற்றே உதவியது. புகைத்துளை திறந்ததும் அழுத்த அலையொன்று குழாய்க்குள் பாய்கிறது. குழாய் கூம்புபோல விரிந்தால் அவ்வலையின் எதிரொலி உறிஞ்சும் அலையாகத் திரும்பி, சிலிண்டரிலுள்ள பழம்புகையை இழுக்கிறது. விரிந்த குழாய் மறுபடியும் குறுகினால் தள்ளும் அலையாகத் திரும்புகிறது. தப்பியோடிய புதுக்கலவையை அது சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடுகிறது. எரிஹ் வோல்ஃப் என்பவர் 1951இலேயே இத்தகைய குழாயை டி.கே.டபிள்யூ. பந்தய வண்டிகளில் பயன்படுத்தியிருந்தார். காடன் அதனை அளந்து ஆராய்ந்தார். அலைகளைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் கருவியைக் கொண்டு, குழாயினுள் நிகழ்வதைக் கண்ணால் கண்டு, கூம்புகளின் நீளத்தை வெட்டியும் ஒட்டியும் திருத்தினார். தடைசெய்யப்பட்ட பம்பின் வேலையை ஓர் உறுப்பும் அசையாத தகரக் குழாய் செய்யத் தொடங்கியது. சட்டத்தை மீறாமலே சட்டம் பறித்ததை மீட்ட வேலை அது.

கணக்கைப் பார்த்தால் அதன் நுட்பம் புலப்படும். நிமிடத்திற்கு 10,800 சுற்று என்றால் வினாடிக்கு 180. புகைத்துளை திறந்திருப்பது அரைச் சுற்றைவிடச் சிறிது மிகுதி. அதாவது வினாடியை ஆயிரமாகப் பகுத்தால் மூன்று பங்கு. சூடான புகையில் அலை வினாடிக்குச் சுமார் 500 மீட்டர் செல்லும் என்று கொண்டால், அந்த நேரத்தில் அது போய்வரக்கூடிய வழி ஒன்றரை மீட்டரே. ஆகவே திருப்பி அனுப்பும் கூம்பு சிலிண்டரிலிருந்து ஏறக்குறைய முக்கால் மீட்டர் தொலைவில் அமையவேண்டும். சில சென்டிமீட்டர் தவறினாலும் அலை வேறொரு வேகத்துக்கே உதவும். இதனால்தான் இவ்வெஞ்சின்கள் குறுகிய ஓர் எல்லைக்குள் மட்டும் சீறின; அதற்குக் கீழே சோம்பின.

குழாயை மாற்றினால் உள்ளே இழுக்கப்படும் காற்றின் அளவு மாறும். அது மாறினால் கார்புரேட்டரின் ஜெட்டும் மாறவேண்டும். தகட்டின் வெட்டை மாற்றினால் மறுபடியும் எல்லாவற்றையும் மாற்றவேண்டும். கார்புரேட்டரின் வாய்முதல் குழாயின் வால்வரை ஒரே மூச்சுக்குழல் என்பதே காடனின் பெருங்கண்டுபிடிப்பு எனத் தகும். காலைக் குளிரில் காற்று அடர்ந்திருக்கும், நண்பகலில் ஐதாகும். அதற்கேற்ப ஜெட் எண்ணை ஏற்றி இறக்குவர். முழு வேகத்தில் எஞ்சினை நிறுத்தி, கிளட்சைப் பிடித்து வண்டியை ஓரங்கட்டி, பிளக்கைக் கழற்றி அதன் வெண்பீங்கானின் நிறத்தைப் பார்ப்பர். கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி, காப்பி நிறமானால் நலம், வெளுத்திருந்தால் ஆபத்து. இருவீச்சு எஞ்சினில் உள்ளே வரும் கலவையே பிஸ்டனைக் குளிர்விப்பது. எண்ணெயும் அதனோடு கலந்தே வருகிறது. கலவை மெலிந்தால் சக்தி சிறிது கூடும்; ஆனால் சில நொடியில் பிஸ்டன் உருகித் துளைபடும், அல்லது சிலிண்டரைக் கவ்வி நின்றுவிடும். சக்தியின் உச்சிக்கும் அழிவுக்கும் இடையே இருந்தது ஒரு ஜெட் எண். அக்காலத்து ஓட்டுநர் கிளட்ச் கைப்பிடிமேல் எப்போதும் இரு விரல் வைத்திருந்தது வீண் பழக்கமன்று.

பலன் படிப்படியாக வந்தது. 1958இல் ஹோர்ஸ்ட் ஃபூக்னர் ஸ்வீடனில் 250 சி.சி. பந்தயத்தை வென்று எம்.இசட். பெயரை உலக வரிசையில் முதன்முறை பொறித்தார். அடுத்த ஆண்டு டெக்னர் இத்தாலியின் மோன்சாவில் 125 சி.சி. பந்தயத்தில் வென்றார். 1961இல் 125 சி.சி. எஞ்சின் 25 குதிரைச்சக்தி தந்தது; லிட்டர் கணக்கில் 200. பம்பின் துணையில்லாத எந்த எஞ்சினும் அதற்குமுன் அவ்வளவு எட்டியதில்லை என்பர்.

இப்போது டெக்னரிடம் திரும்புவோம். அவர் வண்டியில் ஏறி அமர்வதோடு நின்றவரல்லர், பொறியியல் கற்றவர். சுசுக்கி நிறுவனத்தார்க்கு அவர் ஏன் வேண்டியிருந்தார் என்பதும் வெளிப்படை. 1960இல் மான் தீவுக்கு வந்த அவர்களுடைய இருவீச்சு வண்டிகள் அவ்வாண்டும் மறு ஆண்டும் சொல்லத்தக்க வெற்றி பெறவில்லை. சுசுக்கிக்குப் பணமும் நல்ல உலோகமும் துல்லியமான இயந்திரங்களும் இருந்தன. காடனின் வறிய பட்டறையில் இருந்த ஒன்று மட்டும் இல்லை. மான் தீவில் இரு குழுவினரும் ஒரே விடுதியில் தங்கியதும் உண்டு. 1961 முடியுமுன் டெக்னர் ஜப்பானின் ஹமமாட்சு நகரில் இருந்தார்.

அவர் உறுப்புகளும் வரைபடங்களும் கொண்டுசென்றார் என்று எழுதியோர் பலர். கொண்டுசென்றிருக்கலாம். ஆனால் ஆர்.டி.125ஐப் போல இவ்வெஞ்சினை அளவுகோலால் மட்டும் நகலெடுக்க இயலாது. ஒரு கூம்பின் நீளத்தை வரைபடம் காட்டும். எதற்காக அந்நீளம் என்பதைக் காட்டாது. எந்தக் குழாய்க்கு எந்தத் தகடு, எந்தத் தகட்டுக்கு எந்தக் கார்புரேட்டர் என்ற இணைப்பு, எட்டு ஆண்டுகளில் உடைந்த பிஸ்டன்களின் விலையாகப் பெற்ற அறிவு. அது மனிதரிடம் இருந்தது, மனிதரோடு சென்றது. 1962இல் டெக்னர் சுசுக்கியின் 50 சி.சி. வண்டியில் மான் தீவு உள்ளிட்ட நான்கு பந்தயங்களை வென்று, அவ்வாண்டுதான் தொடங்கிய 50 சி.சி. உலகப் பட்டத்தைப் பெற்றார். இருவீச்சு எஞ்சின் பெற்ற முதல் உலகப் பட்டம் அதுவே. ஆயினும் 125 சி.சி. பிரிவில் அவ்வாண்டு ஹோண்டாவை வெல்ல இயலவில்லை. அறிந்தவர் வந்த பின்னும் அறிவு வேரூன்ற ஓராண்டு வேண்டியிருந்தது. 1963இல் ஹியூ ஆண்டர்சன் சுசுக்கிக்காக 50, 125 இரண்டையும் வென்றார். 1964இல் பில் ரீட் யமஹாவின் இருவீச்சு வண்டியில் 250 சி.சி. பட்டத்தைப் பெற்றார்.

டெக்னரைக் குற்றஞ்சாட்டுவது எளிது. சோப்பாவில் அவ்வாறே பேசினர். பிள்ளைகளை எந்த நாட்டில் வளர்ப்பது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை இல்லாத ஒருவர் செய்ததை, எஞ்சின் திருட்டென்று மட்டும் எழுதிவிடுவது நீதியாகாது. ஆனால் இழந்தவர் காடன் என்பதிலும் ஐயமில்லை. 1961 பட்டம் ஹோண்டா ஓட்டிய டாம் பிலிஸுக்குச் சென்றது. அவர் பெற்றது 44 புள்ளி, டெக்னர் 42. எம்.இசட். அதன்பின் ஒருபோதும் உலகப் பட்டம் பெறவில்லை. 1963இல் சாக்சனியின் சொந்தத் திடலான சாக்சென்ரிங்கில் மைக் ஹேல்வுட் எம்.இசட். வண்டியில் 250 சி.சி. பந்தயத்தை வென்றது தவிர, பெருமைப்பட அதிகமில்லை.

டெக்னருக்கும் நல்வாழ்வு நீடிக்கவில்லை. 1963 நவம்பரில் ஜப்பானின் சுசுக்கா திடலில் வண்டி கவிழ்ந்து தீப்பற்றியது; அவர் கடுமையாக வெந்து, பன்முறை அறுவை சிகிச்சைக்கு உள்ளானார். 1983இல் ஸ்பெயினுக்குரிய டெனரீஃபே தீவில் காலமானார். அத்திடலின் வளைவொன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

காடன் நாட்டை விட்டு நீங்கவில்லை. 1996இல் அவர் மறைந்தபோது கிழக்கு ஜெர்மனி என்ற நாடே வரைபடத்தில் இல்லை. 1975முதல் 2001வரை 500 சி.சி. உலகப் பட்டத்தை ஆண்டுதோறும் இருவீச்சு வண்டிகளே வென்றன. அகோஸ்தினி முதல் ரோஸ்ஸி வரை அப்பட்டம் பெற்ற ஒவ்வொருவரின் வண்டியிலும், நடுவில் பருத்து இருபுறமும் ஒடுங்கிய அந்தத் தகரக் குழாய் இருந்தது.